மேசை மட்டமானதா?

கணிப்பொறி கட்டளையிடுகிறது. கட்டர் சுழல்கிறது. மரத்தில் கொடியும் மயிலும் மலர்கின்றன. காண்போர் வியந்து நிற்கின்றனர். வியப்பதில் தவறில்லை. ஆனால் அந்த மயிலைத் தாங்கும் மரத்தையும், அந்த மரத்தைத் தாங்கும் மேசையையும் குனிந்து பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? மேல் நின்று சுழல்வது கண்ணைக் கவர்கிறது. கீழே கிடப்பதை எவரும் கேட்பதில்லை. பொறியியல் பயிலும் மாணவர்களாகிய நாமே கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம். அந்த வருத்தத்தையே இங்கு எழுதத் துணிந்தேன்.

என் ஊர் பங்காருபாளையம். சித்தூரிலிருந்து பலமனேர் வழியே பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. வெளியூரார்க்கு அது மாங்காய் மண்டி. பருவம் வந்துவிட்டால் சாலையோரம் முழுவதும் தோத்தாபுரிக் குவியல். சாறு பிழியும் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகும். காய்ப்பு ஓய்ந்த மரங்கள் அறுபட்டுப் பலகையாகும். மரம் இருக்கும் ஊரில் தச்சர் இருப்பது இயல்பன்றோ? அவர்களுடைய பட்டறைகளிலே இன்று சி.என்.சி. ரவுட்டர் புகுந்திருக்கிறது. கதவு, நிலை, பூசையறைக் கதவின் மணிப்பூ வேலை, கட்டில் தலைமாடு ஆகியவற்றை அது செதுக்குகிறது. கிழக்கே திருப்பதி மாவட்டத்து மாதவமாலைச் சிற்றூர், கையால் செதுக்கும் மரச்சிற்பத்துக்குப் பெயர் பெற்றது. அந்தக் கலையும் இந்தப் பொறியும் ஒரே வட்டாரத்தில் அருகருகே வாழ்கின்றன. இவற்றில் எது வெல்லும் என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. பொறியை வாங்கியவன் கடனை அடைக்க வேண்டுமானால் அதன் மேசை சரியாக இருக்க வேண்டும். என் பேச்சு அவ்வளவே.

சென்ற விடுமுறையில் ஒரு பட்டறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். நான்கடிக்கு எட்டடி மேசையுள்ள பொறி, கடனில் வாங்கியது. தேக்குக் கதவு ஒன்றில் ஓரம் முழுதும் கொடி வேலை. 90 பாகை வி-கட்டரால் கீறியது. கதவின் இரு முனைகளிலும் கோடு மெலிந்து அழகாக இருந்தது. நடுப்பகுதியில் தடித்துவிட்டது. வீட்டுக்காரர் பார்த்தார், பணம் கொடுக்க மறுத்துப் போய்விட்டார். தேக்கு என்ன விலை விற்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 90 பாகை வி-கட்டர் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அதைப் போல் இரு மடங்கு அகலம் வெட்டும். ஆழத்தில் 0.4 மி.மீ. மாறினால் கோட்டின் அகலத்தில் 0.8 மி.மீ. மாறும். 2 மி.மீ. கோடு 2.8 ஆகிவிடும். இதைக் காண அளவுகோல் வேண்டா. வாசலில் நிற்கிற குழந்தைக்கும் தெரியும். தச்சர் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. ஏறத்தாழ 3 மி.மீ. 0.4 மி.மீ. என்பது அந்த நூலில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். அத்தனை சிறிய பிழை ஒரு கதவின் விலையை விழுங்கிவிடுகிறது.

பொறியை விற்றவரின் ஆள் தொலைபேசியில் சொன்ன வைத்தியம் இது: "பெரிய கட்டரா ஒண்ணு வாங்கிப் போட்டு பெட்டை ஒருதரம் சீவிடுங்க. எல்லாம் சரியாயிடும்." பெட் என்பது மேசைமேல் திருகி வைத்திருக்கும் எம்.டி.எஃப். அடிப்பலகை. அப்படியே சீவினார்கள். சரியாகவில்லை. முன்பு இல்லாத வரிகளும் வந்தன. நகத்தை வைத்து இழுத்தால் தட்டித் தட்டிச் சென்றது.

பெரிய கட்டர் ஒன்றே மருந்து என்கிற இந்த எண்ணத்தைத்தான் நான் மறுக்கிறேன். கட்டரைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவை மூன்று நான்கு உண்டு. அவற்றைச் செய்யும் அறிவு கணிப்பொறிக்காரரிடம் இல்லை. பட்டறை மூலையில் இழைப்புளியைத் தீட்டிக்கொண்டிருக்கும் ஆசாரியிடம் இருக்கிறது. அவரைக் கேட்பாரில்லை. இதுவே என் கட்சி.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மேசை தட்டையாக இருப்பது வேறு. பொறியின் ஓட்டத்துக்கு இணையாக இருப்பது வேறு. ரவுட்டர் தன் மேசையைத் தானே சீவும்போது அது தன் ஓட்டத்தை மேசைமீது எழுதி வைக்கிறது. ஓட்டம் நேரானால் மேசையும் நேர். ஓட்டம் நடுவில் தாழ்ந்தால் மேசையும் நடுவில் பள்ளம். தன் முதுகின் கூனைத் தான் எழுதும் படத்திலும் வரைந்துவிடுகிற ஓவியனைப் போல!

மெல்லிய ஒட்டுப்பலகையை உறிஞ்சு மேசையில் வைத்தால் இந்தக் குறை தெரியாது. பலகை வளைந்து பள்ளத்தோடு ஒட்டிக்கொள்ளும். கட்டரும் அதே பள்ளத்தில் இறங்கும். ஆழம் எங்கும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே ஒட்டுப்பலகை வேலை செய்கிறவர் தம் பொறி தங்கமானது என்று சத்தியம் செய்வார். அவரிடம் ஒன்றரை அங்குலத் தேக்குக் கதவைக் கொடுங்கள். கதவு வளையாது, பள்ளத்தின்மேல் பாலம்போல் கிடக்கும். கட்டர் மட்டும் நடுவில் தாழ்ந்து செல்லும். கோடு தடிக்கும். நான் கண்ட கதவின் கதை இதுதான். சீவி முடித்த மேசைமீது நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை வைத்து, மறுபக்கம் விளக்கைப் பிடித்தபோது, நடுவில் வெளிச்சம் கசிந்தது.

உண்மையான தட்டை எப்படிப் பிறக்கிறது என்ற கேள்விக்கு விடை கண்டவர்களுள் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் முதன்மையானவர். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்தவர். 1840-இல் கிளாஸ்கோ நகரில் கூடிய பிரிட்டிஷ் சங்கத்தில் உலோகத் தட்டைகளை உண்டாக்கும் முறை பற்றிக் கட்டுரை படித்தார். முறை எளியது. இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுரண்டினால் இரண்டும் பொருந்திவிடும். ஆனால் ஒன்று குழிந்தும் மற்றொன்று குவிந்தும் இருக்கக்கூடும். பொருத்தம் தட்டைக்குச் சான்றாகாது. மூன்றாவது தகடு ஒன்றைச் சேர்த்து மூன்றையும் மாறி மாறி ஒப்பிட்டால் குழிவும் குவிவும் ஒளிய இடமில்லை. மூன்றும் ஒவ்வொன்றோடும் பொருந்துமானால் மூன்றும் தட்டையே. ரவுட்டரும் அதன் மேசையும் இரண்டு தகடுகள்தாம். ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்பதால் இரண்டும் நேர் என்று சொல்லிவிட முடியாது. வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சியையும் முழுதாக நம்பக் கூடாது என்று ஆசாரி சொல்வார். எவ்வளவு நுட்பமான அறிவு அது! அவர் புதிய மூலமட்டம் ஒன்றை வாங்கினால் என்ன செய்கிறார்? நேரான பலகை ஓரத்தில் அதை வைத்து ஒரு கோடு கிழிக்கிறார். மூலமட்டத்தைப் புரட்டிப் போட்டு, அதே புள்ளியிலிருந்து மற்றொரு கோடு கிழிக்கிறார். இரு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் நல்லது. பிரிந்தால், பிரிவில் பாதி அதன் பிழை. கொத்தனாரும் ரசமட்டத்தை முன்பின்னாகத் திருப்பி வைத்துத்தான் குமிழைப் பார்க்கிறார். சுவரின் சாய்வு ஒருபுறம், கருவியின் பொய் ஒருபுறம் எனப் பிரித்தறிய இந்தத் திருப்பலே வழி. எந்தக் கல்லூரியிலும் பயிலாத நம் தொழிலாளர் இதைச் செய்து வருகின்றனர்.

ரவுட்டரின் சுழல்தண்டு செங்குத்தாக நிற்கிறதா என்று பார்ப்பதும் இதே திருப்பல்தான். பட்டறையில் அதனை ஸ்பிண்டில் என்பர். அதன் வாயில் ஒரு வளைந்த கம்பியைப் பிடித்து, கம்பியின் நுனியில் டயல் கேஜ் ஒன்றை மாட்ட வேண்டும். தண்டின் நடுவிலிருந்து முள் 100 மி.மீ. தள்ளி இருக்கட்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தண்டைக் கையால் சுற்றி, மேசையைச் சுற்றிலும் தொட்டுப் பார்ப்பது வழக்கமான முறை. பலரும் அதையே செய்கின்றனர். அதில் ஒரு கோளாறு உண்டு: மேசை சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வும் தண்டின் கணக்கில் சேர்ந்துவிடும். சாய்ந்த மேசைக்குச் செங்குத்தாகத் தண்டைத் திருப்பி வைத்துவிட்டு, அதன்பின் அந்த மேசையைச் சீவி மாற்றினால் செய்ததெல்லாம் வீண் அன்றோ?

ஆகையால் மேசையைக் கேட்காதீர்கள். ஒரு சிறு கண்ணாடித் துண்டை மேசையில் அசையாமல் ஒட்டுங்கள். முள் இடப்பக்கம் இருக்கும்படி வைத்து அந்தத் துண்டில் ஓரிடத்தைத் தொட்டு அளவைக் குறியுங்கள். முள்ளைச் சற்றே தூக்கித் தண்டை அரைச் சுற்றுத் திருப்புங்கள். பொறியை 200 மி.மீ. இடப்பக்கம் ஓட்டி, பழைய உயரத்துக்கே இறக்கி, அதே இடத்தை வலப்பக்கத்து முள்ளால் தொடுங்கள். தொட்ட இடம் ஒன்றே. ஆகவே மேசையின் சாய்வு கணக்கிலிருந்து விழுந்துவிட்டது. எஞ்சிய வேறுபாடு, பொறி ஓடும் திசைக்கும் தண்டுக்கும் இடையில் உள்ள சாய்வு. முள் 0.2 மி.மீ. மாறினால் 200-க்கு 0.2, அதாவது 100-க்கு 0.1. முன்பின் திசைக்கும் இதையே ஒருமுறை செய்ய வேண்டும். தண்டைப் பிடிக்கும் தகட்டின் போல்ட்டுகள் 150 மி.மீ. இடைவெளியில் இருந்தால், முன்பின் சாய்வைத் திருத்த ஒரு பக்கத்து போல்ட்டுகளின் அடியில் 0.15 மி.மீ. தகடு செருகினால் போதும். குளிர்பானத் தகரக்குவளையின் பக்கச்சுவர் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன். இந்த மருந்துக்குப் பெரிய கடை ஏற வேண்டியதில்லை. பக்கவாட்டுச் சாய்வுக்குத் தகடு வேண்டா. போல்ட்டைத் தளர்த்தி ரப்பர் சுத்தியலால் தட்டித் திருப்பலாம்.

இனி அந்த வரிகள் எப்படி வந்தன என்று பார்க்கலாம். தண்டு பக்கவாட்டில் சாய்ந்திருக்கக் கட்டர் நீளவாக்கில் ஓடினால், ஒவ்வோர் ஓட்டமும் ஒரு சாய்ந்த பட்டையை வெட்டும். அடுத்தடுத்த பட்டைகள் ஓட்டுக்கூரைபோல் படிப்படியாக அமையும். படியின் உயரம், ஓர் ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியைச் சாய்வால் பெருக்கினால் வருவது. 100-க்கு 0.1 சாய்வில், 40 மி.மீ. இடைவெளி விட்டு ஓடும் பெரிய கட்டர் 0.04 மி.மீ. படியை விடும். 8 மி.மீ. இடைவெளியில் ஓடும் சிறு கட்டர் 0.008-தான் விடும். பெரிய கட்டர் குறையைத் தீர்க்கவில்லை; குறையை ஐந்து மடங்காக்கிக் காட்டியது! ஒரு வகையில் அதற்கு நன்றி சொல்ல வேண்டும். இரண்டு சாண் அளவில் ஒரு சதுரத்தை நீளவாக்கிலும், பக்கத்தில் இன்னொரு சதுரத்தைக் குறுக்குவாக்கிலும் சீவிப் பாருங்கள். எந்தச் சதுரத்தில் படி நகத்துக்குத் தட்டுகிறதோ, அந்த ஓட்டத்துக்குக் குறுக்காகத்தான் தண்டு சாய்ந்திருக்கிறது. டயல் கேஜ் இல்லாத ஏழைப் பட்டறைக்கும் இந்தச் சோதனை உண்டு.

ஆனால் தண்டைத் தொடுவதற்கு முன்னர்த் தரையைத் தொட வேண்டும். மேற்சொன்ன பட்டறையில் உண்மையைக் கண்டவர் நானல்லன். அங்கே கதவு பூட்டும் வேலை செய்யும் முதிய ஆசாரி ஒருவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பொறியின் அருகே அவர் வருவதில்லை, பையன்கள் விடுவதுமில்லை. அன்று அலுமினியச் சட்டத்தின் கீழ் ஒளி கசிந்ததைக் கண்டவர், ஒன்றும் பேசாமல் பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொண்டு தரையில் அமர்ந்தார். பொறிக்கு ஆறு கால்கள். நான்கு மூலைக் கால்களின் கீழும் தாள் நுழையவில்லை. நடுக் கால்கள் இரண்டின் கீழும் தாராளமாக நுழைந்தது. "தம்பி, நடுவுல காலே இல்ல. கட்டில் கவுறு மாதிரி தொங்குது," என்றார்.

தரை கடப்பைக் கல் பாவியது. அடியில் மண் இறங்கியிருக்கிறது. நடுவில் தாங்கல் இல்லாத சட்டகத்தின்மேல் கேன்ட்ரி ஓடி வரும்போது அதன் பாரம் நடுவை அழுத்துகிறது. வழித்தடம் தாழ்கிறது, கட்டர் தாழ்கிறது, கோடு தடிக்கிறது. திருகுக் கால்களை இறக்கித் தரையோடு முட்டவிட்டு, சட்டத்தை வைத்துப் பார்த்துப் பார்த்து ஏற்றியதும் பாதி நோய் தீர்ந்தது. ஆயிரக்கணக்கில் கட்டருக்குச் செலவழித்தார்கள். தீர்த்து வைத்தது காலண்டர் தாள்.

முறை, தரையிலிருந்து மேலே ஏறி வர வேண்டும் என்பது இதனால் விளங்கும். கால்கள் உறுதியாக நிற்க வேண்டும். வழித்தடங்கள் ஒன்றுக்கொன்று முறுக்கின்றி இருக்க வேண்டும். ஒரு பலகை முறுக்கியிருக்கிறதா என்று காண ஆசாரி இரு முனைகளிலும் இரண்டு நேர்ச்சட்டங்களைக் குறுக்கே வைத்து ஒற்றைக் கண்ணால் நோக்குவாரே, அதே நோக்கு இங்கும் உதவும். கேன்ட்ரி மூலமட்டமாக நிற்கிறதா என்பதற்குப் பெரியதொரு செவ்வகத்தைக் கீறி இரு மூலைவிட்டங்களையும் அளந்தால் போதும். அதன்பின் தண்டு. எல்லாவற்றுக்கும் பின்னர்த்தான் சீவுதல். தலைகீழாகச் செய்தால், சீவிய மேசையைத் திரும்பத் திரும்பச் சீவிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இப்போது கட்டருக்கு வருகிறேன். நான்கடிக்கு எட்டடி மேசையை நிமிடத்துக்கு 5 மீட்டர் வேகத்தில் சீவுவதாகக் கொள்வோம். 12 மி.மீ. நேர்க் கட்டரை 8 மி.மீ. இடைவெளியில் ஓட்டினால் ஏறத்தாழ 75 நிமிடம். 25 மி.மீ. கட்டர், 16 மி.மீ. இடைவெளி என்றால் 37 நிமிடம். 60 மி.மீ. கட்டர், 40 மி.மீ. இடைவெளி என்றால் கால் மணி நேரம். பெரிய கட்டரால் வருகிற இலாபம் ஒரு மணி நேரம். மேசையை நாள்தோறும் சீவப் போவதில்லை. பருவத்துக்கு ஒருமுறை செய்கிற வேலைக்கு ஒரு மணி நேர மிச்சம் பெரிய மிச்சமா?

வலுக்குறைந்த தண்டுக்குப் பெரிய கட்டர் கேடு என்பது என் துணிபு. சிறு பொறிகளில் ஈ.ஆர். 11 வகைக் கோலெட் இருக்கும். அது 7 மி.மீ. வரைதான் பிடிக்கும். 6 மி.மீ. காலின்மேல் 60 மி.மீ. தலையை வைப்பது ஈர்க்குச்சியில் பூசணிக்காயைக் குத்தி வைப்பது போன்றது. ஈ.ஆர். 20 இருந்தால் 13 மி.மீ. வரை பிடிக்கும், அங்கே அரையங்குலக் கால் வைக்கலாம். அதிலும் ஓர் எச்சரிக்கை: அரையங்குலம் என்பது 12.7 மி.மீ.; 12 மி.மீ. கோலெட்டில் அதைத் திணிக்கக் கூடாது. 13 என்று எழுதியதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வேகத்திலும் இதே கதை. இந்தத் தண்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 24,000 சுற்று வரை செல்லும். 60 மி.மீ. கட்டரை அந்த வேகத்தில் விட்டால் அதன் விளிம்பு நொடிக்கு 75 மீட்டர் ஓடும். மணிக்கு 270 கிலோமீட்டர்! திருகால் பிடித்த ஒரு கார்பைடு வில்லை கழன்றால் அது வில்லை அன்று, தோட்டா. நல்ல கட்டரின்மேல் அதிகபட்சச் சுற்று பொறித்திருக்கும். பொறிக்காத பெரிய கட்டரை மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டா. சுற்றை மிகக் குறைத்து ஓட்டலாம் என்றால், குறைந்த சுற்றில் இவ்வகைத் தண்டின் வலு குறைந்துவிடும். ஈ.ஆர். 20 உள்ள நடுத்தரப் பொறிக்கு 25 மி.மீ. அளவில், அடி தட்டையான இருவாய்க் கட்டர் போதும் என்பேன். 16,000 சுற்றில், 5 மீட்டர் வேகத்தில், ஒரு வாய்க்கு 0.15 மி.மீ.க்குச் சற்று மேலே சீவல் வரும். தூள் மாவாகாமல் துகளாக விழும். ஈ.ஆர். 11 பொறிக்காரர் 6 மி.மீ. கட்டரோடு பொறுமையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேறு வழி இல்லை. வில்லைக் கட்டர் வாங்கினால், வில்லையைத் திருப்பி மாட்டும் ஒவ்வொரு முறையும் அமரும் இடத்தைத் துடைக்க வேண்டும். அங்கே சிக்கிய ஒரு துளித் தூசு ஒரு வாயை மட்டும் தாழ்த்திவிடும். அதன்பின் இரண்டு வாய் இருந்தும் வெட்டுவது ஒன்றுதான்.

அடிப்பலகையைப் பற்றியும் சிறிது. எம்.டி.எஃப். என்பது மரநாரைப் பசையிட்டு அழுத்திய பலகை. நீரைக் கண்டால் பொதுமும். ஐப்பசி கார்த்திகை மழையில் நம் பக்கத்துக் காற்றே ஈரம்; சித்திரையில் தட்டையாக இருந்த பலகை கார்த்திகையில் அப்படியிராது. ஆகவே மழை ஓய்ந்தபின் ஒருமுறை 0.3 அல்லது 0.4 மி.மீ. சீவுவது நல்லது. பலகையின் விளிம்புகளுக்கு வண்ணமோ பசையோ பூசி அடைத்துவிட்டால் ஈரம் புகுவது குறையும். 18 மி.மீ. பலகையை 10 மி.மீ. வரை தேய்க்கலாம் என்றால் ஏறத்தாழ இருபது முறை சீவலாம். அதற்கேற்பத் திருகுத் தலைகளை ஆழத்தில் புதைக்க வேண்டும். இரும்புத் திருகில் கார்பைடு முட்டினால் கட்டர் சிதறும். சீவும்போது எழும் தூளோ கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணியது. மரத்தூசு புற்றுநோய் விளைப்பது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-இல் அறிவித்துவிட்டது. இரண்டு மடிப்புத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நிற்கும் பையன்களைப் பார்க்கும்போது, கதவு கெட்டதைவிட இது எனக்கு அதிகம் உறுத்துகிறது. உறிஞ்சு குழாயும் நல்ல முகமூடியும் இல்லாமல் அடிப்பலகையைச் சீவக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன்.

இவ்வளவும் தச்சர்க்குத் தெரிந்ததானால் கல்லூரி எதற்கு என்று நண்பர் கேட்கலாம். கல்லூரி வேண்டும். ஆனால் அங்கே இன்று என்ன நடக்கிறது? எண்வழிப் பொறி முதன்முதலில் உலகுக்குக் காட்டப்பட்டது 1952-இல், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில். அன்று வியப்புக்குரியது, எண்களைக் கொண்டு இயந்திரத்தை நடத்தலாம் என்பது. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் நம் பாடங்கள் அந்த வியப்பிலேயே நிற்கின்றன. எந்தக் கட்டளைக்கு எந்த எழுத்து, எந்த எண் என்று மனப்பாடம் செய்கிறோம். திரையில் கட்டர் ஓடுவதைக் கண்டு மதிப்பெண் பெறுகிறோம். திரையில் உள்ள மேசைக்குப் பள்ளம் ஏது? அங்கே தரை இறங்குவதில்லை, பலகை பொதுமுவதில்லை. அதே கண்ணோடு பட்டறைக்கு வருகிற நமக்குக் கால்களுக்குக் கீழே தாள் நுழைகிறதா என்று பார்க்கத் தோன்றுமா?

நான் வேண்டுவது பெரிய திட்டமன்று. இயந்திரவியல் மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது ஒரு பொறியின் தண்டைத் தம் கையால் செங்குத்தாக்கி, மேசையைச் சீவி, சட்டம் வைத்துச் சரிபார்த்துக் காட்ட வேண்டும். அந்த வகுப்பில் ஊர்த் தச்சர் ஒருவரை அழைத்து நிறுத்த வேண்டும்; வேடிக்கை பார்க்க அல்ல, மூலமட்டத்தைப் புரட்டிக் காட்ட. அவர் கையில் நாம் டயல் கேஜைக் கொடுக்கலாம். நூறில் ஒரு மி.மீ. என்ன என்று அவர் ஒரு பகலில் கற்றுவிடுவார். அவரிடமுள்ள ஐயப்படும் பழக்கத்தை நாம் கற்க எத்தனை நாள் ஆகுமோ!

மொழி பற்றிய பேச்சும் இங்கே வருகிறது. பொறியோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அதுவும் சீனத்திலிருந்து தடுமாறி வந்த ஆங்கிலம். எங்கள் பட்டறையில் பேசுவது பாதி தமிழ், பாதி தெலுங்கு. 1911-இல் சித்தூர் மாவட்டம் பிறக்கும் வரை வடஆர்க்காட்டோடு இருந்த சீமை அது. மொழி கலந்தே வாழ்கிறோம். மட்டம் என்ற சொல் எங்கள் இரு மொழிக்கும் பொது. கடினமான புதுச்சொற்களைப் புனைந்து அந்தத் தொழிலாளர் தலையில் ஏற்றுவதை நான் விரும்பேன். கட்டர், கோலெட், டயல் கேஜ் என்பவை அவர்கள் நாவில் பழகிவிட்டன, இருக்கட்டும். மட்டம், முறுக்கு, சாய்வு, நூல் என்பவை அவர்களுடைய சொந்தச் செல்வம். இரண்டையும் சேர்த்து, இரண்டு பக்கத்தில், தமிழிலும் தெலுங்கிலும் ஒரு சரிபார்ப்புத் தாளை நம் மன்றமே அச்சிட்டுக் கொடுக்கலாம். ஆண்டுவிழாத் தோரணத்துக்கு ஆகும் செலவில் பாதி ஆகாது.

அந்தத் தாளில் முதலில் இருக்க வேண்டியது பொறி வாங்குவோர்க்கான அறிவுரை. கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன், விற்றவரின் ஆளைப் பட்டறைக்கே வரவழையுங்கள். ஆறு கால்களின் கீழும் தாளைச் செருகிப் பாருங்கள். அவர் முன்னிலையிலேயே மேசையின் நான்கு மூலையிலும் நடுவிலும் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று எனச் சதுரங்களைச் சீவச் சொல்லுங்கள். நகத்தால் இழுத்துப் பாருங்கள். பிறகு மேசை முழுதையும் சீவச் சொல்லி, நேர்ச்சட்டத்தை நீளத்திலும் அகலத்திலும் இரு மூலைவிட்டங்களிலும் வைத்து, சட்டத்தைப் புரட்டிப் போட்டு மறுபடியும் வைத்து, ஒளி கசிகிறதா என்று பாருங்கள். அப்போது உங்கள் பக்கத்தில் அந்த முதிய ஆசாரியும் நிற்கட்டும். அவர் தலையசைத்த பிறகு பணத்தை எண்ணிக் கொடுங்கள்.